சுள்ளி அடுப்பில் முகாம் சமையல்: முழுமையான வழிகாட்டி

கையடக்கச் சுள்ளி அடுப்பை முதன்முறையாக எரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அடுப்பை வைத்ததும் தீக்குச்சியைக் கிழிக்கிறார்கள். தீ நன்றாகவே பிடிக்கிறது. பாத்திரத்தை ஏற்றிய சில நிமிடங்களில் கையிலிருந்த சுள்ளி தீர்ந்துபோகிறது. எழுந்து போய்ப் பொறுக்கி வருவதற்குள் தீ படுத்துவிடுகிறது. அதன்பிறகு புகையும் கண்ணெரிச்சலும் பாதி வெந்த உணவும்தான்.

இந்த அடுப்பின் வயிறு மிகச் சிறியது. ஒருமுறை நிரப்பினால் பத்து நிமிடம் தாங்குவதே அரிது. ஆகவே சமையல் நடக்குமா நடக்காதா என்பது பற்றவைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கீழே உள்ள வரிசையில் பற்றவைத்தல் எட்டாவதாக வருவது அதனால்தான். முதல் ஏழையும் பொறுமையாகச் செய்தவருக்கு எட்டாவது கடினமாக இருக்காது.

1. தீ மூட்ட அனுமதி உண்டா என்று கேட்டறியுங்கள்

காஸ் அடுப்புக்கு அனுமதி இருக்கும் இடத்தில் சுள்ளி அடுப்புக்கும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. திருகை மூடினால் காஸ் அடுப்பு அந்தக் கணமே அணையும். சுள்ளி அடுப்பை அப்படி நிறுத்த முடியாது. அதிலிருந்து பொறியும் பறக்கும். இந்த வேறுபாட்டினால் பல காட்டுப் பகுதிகளில் இதைத் திறந்த நெருப்பாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். வறண்ட பருவத்தில் தடை விதிக்கப்பட்டால் இதுவும் அந்தத் தடைக்குள் வரும்.

கீழே விழுந்த சுள்ளியைப் பொறுக்கலாமா என்றும் சேர்த்துக் கேளுங்கள். பட்ட மரத்திலும் உயிர்கள் வாழ்கின்றன, அது மக்கி மண்ணுக்கு உரமாகிறது என்பதால் அதைத் தொட அனுமதிக்காத காப்பகங்கள் உண்டு. விறகோடு மரப்பூச்சிகளும் பயணம் செய்யும் என்பதால் வெளியிலிருந்து விறகு கொண்டுவருவதைத் தடுக்கும் இடங்களும் உண்டு. இரண்டுக்கும் வழியில்லை என்றால் அந்தப் பயணத்துக்கு இந்த அடுப்பு ஏற்றதல்ல.

2. உங்கள் அடுப்பு எந்த வகை என்று பாருங்கள்

ஒற்றைச் சுவர் அடுப்பில் காற்று கீழிருந்து நுழைந்து மேலே போகிறது. மடக்கித் தட்டையாக்கும் தகட்டு அடுப்புகளும், தகர டப்பாவில் துளையிட்டுச் செய்பவையும் இந்த வகை. பெரும்பாலும் பக்கவாட்டில் ஒரு வாய் இருக்கும். அதன் வழியே சுள்ளியைத் தள்ளலாம்.

இரட்டைச் சுவர் அடுப்பில் காற்றின் ஒரு பகுதி இரு சுவர்களுக்கும் இடையே ஏறிச் சூடாகி, உள்சுவரின் மேல்விளிம்பில் உள்ள துளைகள் வழியாக வெளிவருகிறது. விறகிலிருந்து எழும் புகை அந்தச் சூடான காற்றோடு கலந்து எரிந்துவிடுவதால் நன்றாக எரியும்போது புகையே தெரியாது. ஆனால் அந்த மேல்துளைகளை விறகு மறைத்துவிட்டால் இரட்டைச் சுவர் இருந்தும் பயனில்லை.

பேட்டரி விசிறி வைத்த அடுப்புகளும் இருக்கின்றன. அவை சற்று ஈரமான சுள்ளியையும் சமாளிக்கும். பேட்டரி தீர்ந்தால் எப்படி எரிகிறது என்பதை வீட்டில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

முதல் அடுப்பு வாங்குபவருக்கு, பக்கவாட்டில் அகன்ற வாய் உள்ள ஒற்றைச் சுவர் அடுப்பையே நான் சொல்வேன். இரட்டைச் சுவர் அளவுக்குச் சுத்தமாக எரியாவிட்டாலும், தீ கண்ணுக்கு நேரே தெரிகிறது, சிறு தவறுகளை உடனே சரிசெய்ய முடிகிறது.

தகர டப்பாவில் நீங்களே செய்வதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். உணவு டப்பாக்களின் உட்புறத்தில் பூச்சு இருக்கும். சமைப்பதற்கு முன் வெட்டவெளியில் ஒருமுறை வெறும் அடுப்பாக நன்கு எரித்து அதைப் போக்கிவிடுங்கள், அந்தப் புகையில் நிற்காதீர்கள். துத்தநாகம் பூசிய தகரத்தைத் தொடவே வேண்டாம். கடும் சூட்டில் எழும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

3. கையோடு எடுத்துக்கொள்ள வேண்டியவை

தீ உண்டாக்க இரண்டு வழிகள் வேண்டும்: ஒரு லைட்டர், நீர் புகாத டப்பாவில் தீப்பெட்டி. ஒன்று நனைந்தால் மற்றது உதவும். பெட்ரோலியம் ஜெல்லி தடவிய பஞ்சு உருண்டைகளைச் சிறு டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள். வெறும் பஞ்சு குப்பென்று எரிந்து முடிந்துவிடும்; ஜெல்லி தடவியது சில நிமிடங்கள் நின்று எரியும். மெழுகுவர்த்தித் துண்டும் இதே வேலையைச் செய்யும்.

சிறு கத்தி, தடித்த தோல் கையுறை, பாத்திரம் பிடிக்கும் இடுக்கி, அடுப்பின் அடியில் வைக்க ஓர் உலோகத் தட்டு ஆகியவை தேவை. ஒரு மெல்லிய ஊதுகுழலும் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் நேராக ஊதினால் காற்று பரவிச் சாம்பலைக் கிளப்பிச் சோற்றில் போடும். குழல் வழியே ஊதினால் தணலின் அடிக்கு மட்டும் போகும், முகமும் தீயிலிருந்து விலகி இருக்கும்.

தனியாக இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். இது சமையலுக்கோ குடிப்பதற்கோ அல்ல, தீ மீறினால் அணைக்கவும் கடைசியில் சாம்பலை நனைக்கவும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். அடுப்பருகே கைக்கு எட்டும் தூரத்தில் அது இருந்தால்தான் பற்றவைக்கலாம் என்று உங்களுக்கே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. இடத்தைத் தேர்ந்து தரையைத் தயார் செய்யுங்கள்

கூடாரத்துக்குள்ளும் கூடார முகப்பின் கீழும் ஒருபோதும் எரிக்காதீர்கள். எரியும் தணல் கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது, மயக்கம் வரும்வரை தெரியாது. புகை அடங்கிய தணல் ஆபத்தற்றது என்று நினைத்துக் குளிருக்காக அடுப்பை உள்ளே எடுத்துச்செல்வது உயிரைப் பறிக்கும் தவறு. கூடாரத் துணியும் ஒரு பொறியில் ஓட்டையாகும்.

தரையில் சருகும் புல்லும் இல்லாத வெறும் மண் வேண்டும். இரண்டு கை அகலத்துக்குச் சருகை ஒதுக்கி, மண் தெரியும்வரை சுத்தம் செய்து, மேலே உலோகத் தட்டை வைத்து அதன்மேல் அடுப்பை வையுங்கள். மக்கிய இலைகள் தடிமனாகப் படிந்த தரையும் வேர்கள் பின்னிய தரையும் வேண்டாம். அங்கே தீ மேலே தெரியாமல் மண்ணுக்கடியில் கனன்றுகொண்டே ஊர்ந்து, நீங்கள் கிளம்பிப் போன பிறகு வேறோர் இடத்தில் வெளிவரக்கூடும்.

தட்டையான பாறை நல்ல இடம்தான். ஆற்றுக்குள் கிடந்த கல்லை மட்டும் எடுத்து அடியில் வைக்காதீர்கள். உள்ளே புகுந்திருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியின்றிக் கல்லை வெடிக்கவைக்கும்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். அடுப்பின் வாய் காற்றைப் பார்த்தபடியோ சற்றுச் சாய்வாகவோ இருக்கட்டும், நீங்கள் பக்கவாட்டில் உட்காருங்கள். மென்காற்று இந்த அடுப்புக்கு உதவி. பலத்த காற்று சூட்டைப் பாத்திரத்திலிருந்து அடித்துக்கொண்டு போய்விடும். அப்போது மூன்று பக்கமும் தடுப்பு வையுங்கள். ஆனால் அடுப்போடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒட்டிவைத்தால் கீழ்த்துளைகள் மூடிக்கொண்டு தீ மூச்சுத்திணறும்.

5. சுள்ளி பொறுக்குங்கள்

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நல்ல சுள்ளி இருந்தால் மோசமான அடுப்பிலும் சமைக்கலாம். ஈரச் சுள்ளியை வைத்துக்கொண்டு எவ்வளவு விலையுயர்ந்த அடுப்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

காரணம் எளிது. விறகிலுள்ள நீர் முதலில் ஆவியாக வேண்டும், அதற்கான வெப்பத்தை உங்கள் தீயே கொடுக்க வேண்டும். ஒரு கிராம் நீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு, அந்தக் கொதிநீரை ஆவியாக்குவதற்குச் செலவாகிறது. பச்சை மரத்தில் எடையில் பாதிவரை நீர் இருக்கலாம். நிழலில் நன்கு காய்ந்த விறகில் அது 15 முதல் 20 சதவீதம். பெரிய முகாம் நெருப்பு ஈர விறகையும் தானே உலர்த்தி எரித்துவிடும். உங்கள் சின்ன அடுப்பில் அதற்கு வேண்டிய தணல் இல்லை.

தரையில் கிடப்பதை விட, மரத்திலேயே பட்டு நிற்கும் சிறு கிளைகளும், விழும்போது புதரில் சிக்கி அந்தரத்தில் தொங்கும் சுள்ளிகளும் மேலானவை. தரையில் கிடப்பது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. தொங்குவதைக் காற்று எல்லாப் பக்கமும் உலர்த்துகிறது. உயிருள்ள கிளையை ஒடிக்காதீர்கள். மரத்துக்குத் தீங்கு என்பது ஒருபுறம். அது எரியவும் எரியாது.

காய்ந்ததா என்று அறிய ஒடித்துப் பாருங்கள். பட்டென்று சத்தத்தோடு முறிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்து நார்நாராகப் பிரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சத்தமில்லாமல் உதிர்ந்து பொடியானால் உளுத்துப்போனது. அது கனலுமே தவிரச் சுடர் தராது. சந்தேகம் இருந்தால் முறிந்த முனையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரத்தின் குளிர்ச்சி கன்னத்துக்குத் தெரியும்.

சிலவற்றை ஒதுக்க வேண்டும். வண்ணம் பூசிய மரம், ஒட்டுப்பலகை, பதப்படுத்திய மரம் ஆகியவற்றின் புகை நச்சு. செடிகளில் அரளி முக்கியமானது. அதன் குச்சியை எரிக்கவும் கூடாது, உணவைக் குத்தி வாட்டவும் கூடாது, கிளறவும் கூடாது. எந்தச் செடி என்று தெரியாத இடத்தில், ஒடித்தால் பால் வடிகிற எதையும் நான் அடுப்பில் வைப்பதில்லை.

எவ்வளவு வேண்டும்? ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க ஏறத்தாழ 335 கிலோஜூல் வெப்பம் தேவை. காய்ந்த சுள்ளி ஒரு கிலோ எரிந்தால் சுமார் 15,000 கிலோஜூல் வெளிப்படும். கணக்கில் 25 கிராம்கூட வேண்டாம். ஆனால் சூட்டின் பெரும்பகுதி பாத்திரத்தைத் தொடாமலேயே காற்றோடு போகிறது. ஆகவே நடைமுறையில் லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை வைத்துக்கொள்ளுங்கள். இரு கைகளாலும் அணைத்துப் பிடிக்கும் ஒரு கட்டு, இரண்டு பேருக்கான எளிய சமையலுக்குப் போதும். போதும் என்று தோன்றிய பிறகு இன்னொரு கட்டும் பொறுக்குங்கள். மிஞ்சினால் அடுத்த வேளைக்கு ஆகும்.

6. பருமன் பார்த்துப் பிரியுங்கள், நீளம் பார்த்து ஒடியுங்கள்

பொறுக்கியதை ஒரே குவியலாகப் போட்டால், தீ எரியும்போது ஒரு கையால் துழாவிக்கொண்டு இருப்பீர்கள். மூன்றாகப் பிரித்து அடுப்பின் வலப்புறம் வரிசையாக வையுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடப்புறம்.

முதல் குவியல் தீக்குச்சிப் பருமன். இது தீப்பிடிக்கவைக்க. இரண்டாவது பென்சில் பருமன். சமையலை நடத்துவது இதுதான், ஆகவே மொத்தத்தில் பாதிக்கு மேல் இது இருக்க வேண்டும். மூன்றாவது சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் பருமன் வரை. இது தணலுக்கு.

மெல்லிய சுள்ளியில் எடைக்கு மேற்பரப்பு அதிகம், அதனால் உடனே பிடித்துச் சுடர்விடுகிறது, உடனே தீர்ந்தும் போகிறது. தடித்தது மெதுவாகப் பிடித்து நின்று எரிந்து தணலாகிறது. கட்டைவிரலைவிடத் தடித்ததை இந்த அடுப்பில் வைப்பதால் பயனில்லை. அது பிடிப்பதற்குள் கீழே இருக்கும் தணல் அணைந்துவிடும். “பெரிய கட்டை போட்டால் அடிக்கடி தள்ள வேண்டாம்” என்று நினைத்துத்தான் பலர் தீயை இழக்கிறார்கள்.

மேலிருந்து நிரப்பும் அடுப்புக்கு விரல் நீளத் துண்டுகள் சரி. பக்கவாட்டு வாய் உள்ள அடுப்புக்குச் சாண் நீளம் வரை போகலாம். நுனி எரிய எரிய உள்ளே தள்ளிக்கொள்ளலாம். அதைவிட நீண்டால் வெளியே நிற்கும் பகுதி கனத்து அடுப்பையே சாய்க்கும். கொதிக்கும் பாத்திரம் காலில் விழும். வாய்க்கு வெளியே ஒரு கல்லை முட்டுக்கொடுப்பது நல்லது.

7. பாத்திரத்தையும் உணவையும் தயார் செய்யுங்கள்

அகன்ற அடிப்பாகமும் பொருத்தமான மூடியும் உள்ள பாத்திரம் வேண்டும். சுடர் பாத்திரத்தின் அடியில் பரவ இடம் கிடைத்தால்தான் சூடு உள்ளே போகும். குறுகிய உயரமான குவளையில் பாதிச் சுடர் பக்கவாட்டில் தப்பிவிடும். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதும் விறகை வீணாக்குவதுதான்.

பாத்திரத்தின் வெளிப்புறம் முழுவதும், பிடிக்குச் சற்றுக் கீழே வரை, பாத்திரம் துலக்கும் சோப்பை மெல்லியதாகப் பூசுங்கள். கரி பாத்திரத்தில் ஒட்டாமல் சோப்பின் மேல் படியும். பிறகு ஈரத்துணியால் துடைத்தாலே போய்விடும். பூச மறந்தால் மணலும் நாரும் கொண்டு நெடுநேரம் தேய்க்க நேரும்.

காய்களை நறுக்குவது, தானியத்தை ஊறவைப்பது, உப்பையும் மசாலாவையும் எடுத்துவைப்பது எல்லாம் இப்போதே முடிய வேண்டும். தீ எரியத் தொடங்கிய பிறகு உங்கள் கண்ணும் ஒரு கையும் அடுப்புக்குத்தான் சொந்தம்.

8. அடுக்கிப் பற்றவையுங்கள்

அடுப்பின் வகையைப் பொறுத்து முறை மாறும்.

இரட்டைச் சுவர் அடுப்பில் மேலிருந்து பற்றவைக்க வேண்டும். விரல் பருமனானவற்றை அடியில் படுக்கவைத்து, அதன்மேல் பென்சில் பருமனானவற்றை அடுக்கி, மேல்துளைகளுக்கு ஒரு விரல்கட்டை கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதன்மேல் பஞ்சு உருண்டை, சுற்றிலும் தீக்குச்சிப் பருமனான சுள்ளிகள். தீ மேலிருந்து கீழாக இறங்கும். கீழே இருக்கும் விறகு சூடாகி விடும் புகை, மேலே எரியும் சுடர் வழியாகவே போயாக வேண்டும், போகும்போது எரிந்துவிடும். கீழிருந்து பற்றவைத்தால் அந்தப் புகை மேலே இருக்கும் குளிர்ந்த விறகின் வழியாக எரியாமலே வெளியேறிவிடும்.

ஒற்றைச் சுவர் அடுப்பில் விரல் பருமனான இரண்டு குச்சிகளை இடைவெளி விட்டுத் தரைபோல் வையுங்கள். நடுவில் பஞ்சு உருண்டை. அதைப் பற்றவைத்து, மெல்லிய சுள்ளிகளை ஒரு பிடி எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக மேலே வையுங்கள். அவை சடசடவென்று பிடித்ததும் பென்சில் பருமனுக்கு மாறுங்கள்.

இரண்டிலும் பொதுவான விதி, நெருக்கி அடைக்காதீர்கள் என்பது. சுள்ளிகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். சருகையும் காகிதத்தையும் திணிப்பது வழக்கமான இன்னொரு தவறு. அவை சாம்பல் ஏடுகளாக விழுந்து அடியிலுள்ள சல்லடைத் தட்டை அடைத்துவிடும்.

எரிவதை விரைவுபடுத்த மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றவே கூடாது. சிறிய அடுப்பின் மேல் குனிந்திருக்கும் முகத்துக்கு நேராகத்தான் அந்தச் சுடர் எழும்.

பற்றியவுடன் பாத்திரத்தை ஏற்றாதீர்கள். குளிர்ந்த பாத்திரம் இளம் சுடரை மேலே அழுத்தி அணைத்துவிடும். பென்சில் பருமனான சுள்ளிகள் எல்லாம் பிடித்து, சுடர் அடுப்பின் விளிம்பைத் தாண்டி நிலையாக நிற்கும்வரை பொறுங்கள். மூன்று நான்கு நிமிடங்கள் ஆகும்.

9. விறகு தள்ளுங்கள்

சுள்ளி அடுப்பு எரிப்பதில் பழக்கத்தால் மட்டுமே வரும் பகுதி இது. சுடர் தணிந்த பிறகு விறகு தள்ளுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. அப்போது உள்ளே தணல் மட்டுமே இருக்கும். புதிய சுள்ளி அதன்மேல் கிடந்து புகைந்து, மறுபடி சுடராவதற்குள் பாத்திரம் ஆறத் தொடங்கிவிடும். சுடர் உச்சத்திலிருந்து சற்று இறங்கும்போதே அடுத்ததைக் கொடுங்கள். எரியும் சுடரே புதிய சுள்ளியைப் பற்றவைத்துக்கொள்ளும்.

ஒரு தடவைக்கு இரண்டு அல்லது மூன்று சுள்ளிகள் போதும். ஒரு பிடி அள்ளிப் போட்டால் அவை எல்லாம் சேர்ந்து உள்ளிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும், காற்றின் வழியையும் மறைக்கும். நல்ல தீயும் ஒரு நிமிடம் புகையாகிவிடும். ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை, சிறிது சிறிதாக. கடிகாரத்தைவிடக் காது நன்றாகச் சொல்லும்: சடசடப்பு குறைந்து சீரான இரைச்சல் மெலியத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது.

சுடர் பாத்திரத்தின் அடியைத் தடவ வேண்டும், பக்கங்களில் ஏறி மூடியை எட்டக் கூடாது. எட்டினால் விறகு அதிகம். பாத்திரத்துக்கும் அடுப்பின் விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் பருமன் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். எரிந்த காற்று வெளியேற வழியில்லையென்றால் புதிய காற்று கீழே நுழையாது. பாத்திரம் தாங்கியைக் கனம் குறைக்கவென்று வீட்டிலேயே விட்டுவிட்டு, விளிம்பின் மேலேயே பாத்திரத்தை வைப்பவர்கள் தீ ஏன் அணைகிறது என்று புரியாமல் ஊதிக்கொண்டிருப்பார்கள்.

நெடுநேரம் எரித்தால் சாம்பலும் தணலும் அடியில் சேர்ந்து கீழ்த்துளைகளை மறைக்கும். ஒரு மெல்லிய குச்சியை வாய்வழியே விட்டுச் சல்லடைத் தட்டை மெதுவாகக் கிளறி உதிர்த்துவிடுங்கள். அடுப்பைக் குலுக்க வேண்டாம்.

10. கொதி, சிறுதீ, தணல்

கொதிக்கவைப்பது இந்த அடுப்பின் இயல்பான வேலை. நன்றாக எரியும் அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் பத்து நிமிடத்தில் கொதிக்கும். மலை மேல் சமைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி குறைகிறது. 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். சீக்கிரம் கொதிக்கும், ஆனால் தானியமும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும். அதற்கேற்ப விறகைக் கூட்டிப் பொறுக்குங்கள்.

சிறுதீயில் வேகவைப்பது கடினம், ஏனென்றால் திருகிக் குறைக்க ஏதுமில்லை. கொதி வந்ததும் விரல் பருமனான குச்சிகளுக்கு மாறி, ஒரு தடவைக்கு ஒன்று மட்டும் தள்ளினால் தீ தாழ்ந்து நிற்கும். பாத்திரத்தைப் பாதி நகர்த்தி வைப்பதை நான் விரும்புவதில்லை. குறுகிய அடுப்பில் அது கவிழ்ந்துவிடும்.

இதைவிட நல்ல வழி, கொதித்த பாத்திரத்தை இறக்கி, மூடியோடு தடித்த துணியிலோ கம்பளியிலோ இறுகச் சுற்றி வைத்துவிடுவது. ஊறவைத்த தானியம் ஐந்து நிமிடம் கொதித்தபின் இப்படி அரைமணி நேரம் இருந்தால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். அடி பிடிக்காது, விறகும் பாதியாகிறது. சுற்றுவதற்கு முன் பாத்திரத்தின் அடியில் பொறி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிடுங்கள்.

வாட்டுவதற்கும் சுடுவதற்கும் சுடர் உதவாது. மூன்றாம் குவியலை மொத்தமாக எரித்துத் தணலாக்கிய பிறகு செய்யுங்கள்.

11. எல்லாம் நனைந்திருக்கும் நாளில்

மழையில் நனைந்த சுள்ளி வெளியேதான் ஈரம். பட்ட மரத்தின் உட்புறம் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். கட்டைவிரலைவிடச் சற்றுத் தடித்த பட்ட கிளைகளைத் தேடி, பட்டையை உரித்துவிட்டுக் கத்தியால் நெடுக்குவாட்டில் பிளந்துகொள்ளுங்கள். பிளந்த உள்பகுதியிலிருந்து மெல்லிய சிராய்களைச் சீவுங்கள். சீவல்கள் குச்சியை விட்டு உதிராமல் சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்படி சீவினால் ஒரே குச்சியே பற்றவைக்கும் பொருளாகிவிடும். பிசின் ஏறிய மரம் கிடைத்தால் விடாதீர்கள். பிசின் ஈரத்தை ஏற்காது, கரி கொட்டினாலும் நின்று எரியும்.

இத்தகைய நாளில் பஞ்சு உருண்டை ஒன்றுக்குப் பதில் இரண்டு வையுங்கள். அடுத்துத் தள்ளப்போகும் சுள்ளிகளை அடுப்பின் வெளிச்சுவரைச் சுற்றி, தொடாமல், நிறுத்திவையுங்கள். எரியும் சூட்டில் அவை உலர்ந்துகொண்டிருக்கும். அருகிலேயே இருந்து கவனியுங்கள், ஏனென்றால் உலர்ந்தவை அங்கேயே பற்றிக்கொள்ளும்.

உண்மையில் மழை நாளுக்கான வேலை வெயில் நாளில்தான் தொடங்குகிறது. வழியில் நல்ல சுள்ளி கண்ணில் படும்போதே ஒடித்து, நீர் புகாத பையில் ஒரு வேளைக்கு வேண்டியதைச் சேர்த்துவையுங்கள்.

12. தீ சரியாக எரியாதபோது

வெண்புகை அடர்த்தியாக வந்தால் விறகில் ஈரம், அல்லது ஒரேயடியாக நிறையத் தள்ளியிருக்கிறீர்கள். கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு, மெல்லிய காய்ந்த சுள்ளிகளை நுழைத்துக் குழலால் அடியில் ஊதுங்கள்.

கரும்புகையும் பாத்திரத்தில் தடித்த கரியும் என்றால் சுடருக்குக் காற்று போதவில்லை, அல்லது பிசின் மரம் எரிகிறது. பாத்திரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். தீ உடனே தெளிந்தால் இடைவெளிதான் குறை.

சுடர் நன்றாக இருந்தும் தண்ணீர் சூடாகவில்லை என்றால் காற்றைச் சந்தேகப்படுங்கள். தடுப்பைச் சரிசெய்து, மூடி பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். சுடர் பக்கவாட்டு வாய் வழியே வெளியே வந்தால் மேல்வழி அடைபட்டிருக்கிறது. அல்லது பின்புறமிருந்து காற்று அடிக்கிறது.

தகட்டு அடுப்பின் சுவர் சூட்டில் நெளிந்தால் கவலை வேண்டாம், ஆறியதும் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். மறுபடி பொருத்த முடியாத அளவுக்கு நெளிந்தால் மட்டும் கையால் மெதுவாக வளைத்துச் சரிசெய்யுங்கள்.

13. அணைத்து, ஆறவைத்து, கட்டிவையுங்கள்

சமையல் முடியும் தருணத்தைக் கணித்து அதற்குச் சற்று முன்பே விறகு தள்ளுவதை நிறுத்துங்கள். உள்ளே இருப்பது முழுதும் எரிந்து வெண்சாம்பலானால் அணைக்கும் வேலை பாதி குறையும். பாதி எரிந்த கொள்ளிகளைக் காட்டில் எறியாமல் எல்லாவற்றையும் எரிந்துமுடிய விடுங்கள்.

சூடான அடுப்பின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தகடு திடீரென்று சுருங்கி நெளியும், கொதிநீராவி கையைச் சுடும். கையுறை போட்டுக்கொண்டு, சாம்பலை உலோகத் தட்டிலோ சுத்தம் செய்த வெறும் மண்ணிலோ கொட்டி, அங்கே தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கிளறுங்கள். மறுபடி ஊற்றிக் கிளறுங்கள். மண்ணைப் போட்டு மூடுவது போதாது. மூடிய தணல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். கடைசியில் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்றால் விரலால் தொட்டுப் பாருங்கள். தொட முடியாத சாம்பலை விட்டுவிட்டு நகரக் கூடாது.

குளிர்ந்த சாம்பலை நீர்நிலையிலிருந்து தள்ளி மெல்லியதாகத் தூவுங்கள். ஒதுக்கிய சருகை மறுபடி பரப்புங்கள். பாத்திரத்தின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, அந்தச் சோப்புக் கரியை ஓடையில் அலசாமல் துணியோடு கட்டிக்கொண்டு போங்கள்.

அடுப்பை நன்கு ஆறிய பிறகு தட்டி, துளைகளில் அடைத்திருக்கும் சாம்பலைக் குச்சியால் நீக்கித் தனிப் பையில் போடுங்கள். ஈரச்சாம்பல் காரத்தன்மை உள்ளது. அப்படியே விட்டால் தகட்டை அரிக்கும். மிஞ்சிய சுள்ளியில் மெல்லியவற்றை மட்டும் பொறுக்கி நீர் புகாத பையில் வையுங்கள். அடுத்த முகாமில் கிடைப்பதற்கு அரிதானது அந்தத் தீக்குச்சிப் பருமன்தான்.